பி. பி. கிங் பெற்ற விருதுகளும் சிறப்புகளும்

பி. பி. கிங் என்று பரவலாக அறியப்படும் ரைலி பி. கிங் (செப்டம்பர் 16, 1925 – மே 14, 2015) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த புளூஸ் இசைக்கலைஞர் ஆவார். கிட்டார் வாசிப்பிலும் பாடுவதிலும் ஒருங்கே சிறந்து விளங்கிய இவர் "புளூஸின் அரசர்" என அழைக்கப்பட்டார். 15 கிராமி விருதுகள், கிராமி வாழ்நாள் சாதனையாளர் விருது, சுவீடனின் போலார் இசைப் பரிசு, அமெரிக்க அதிபரின் சுதந்திரப் பதக்கம் ஆகியன இவர் பெற்றவற்றுள் முதன்மையானவை. இவை தவிர, பல பல்கலைக்கழகங்கள் இவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியுள்ளன.

இவ்விருதுகளைக் காலவரிசையில் நோக்கினால் ஒரு கலைஞரின் வளர்ச்சியோடு இன்னொன்றும் புலப்படும். மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் இசையை அந்நாட்டின் நிறுவனங்கள் எப்போது ஏற்றுக்கொண்டன, எந்தப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டன என்பதற்கு இப்பட்டியல் ஒரு சான்றாகும்.

பின்னணி

கிங், மிசிசிப்பி மாநிலத்தில் இட்டா பீனா என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள பெர்க்ளேர் பகுதியில் பிறந்தார். பெற்றோர் வாரச் சாகுபடி செய்து பிழைத்தவர்கள். நிலமும் விதையும் பண்ணை முதலாளியுடையவை. விளைச்சலில் ஒரு பங்கு மட்டுமே உழைப்பவருக்குக் கிடைக்கும். அதிலும் முதலாளியிடம் வாங்கிய கடன் போக மிஞ்சுவது சொற்பம். சிறுவயதிலேயே தாயை இழந்த கிங், பருத்தி பறித்தும் ஏர் உழுதும் வளர்ந்தார். பின்னர் இண்டியனோலா என்னும் ஊரில் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். பள்ளிப் படிப்பை அவர் முடிக்கவில்லை.

1940களின் பிற்பகுதியில் டென்னசி மாநிலத்தின் மெம்பிசு நகருக்குச் சென்ற கிங், டபிள்யூ.டி.ஐ.ஏ. வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகவும் பாடகராகவும் பணியில் அமர்ந்தார். கறுப்பின மக்களுக்கென்றே தன் முழு நிகழ்ச்சிகளையும் அமைத்த முதல் அமெரிக்க வானொலி நிலையம் அதுவே. அங்கு அவருக்கு வழங்கிய "பீல் தெரு புளூஸ் பையன்" என்ற பட்டப்பெயர் "புளூஸ் பையன்" எனச் சுருங்கி, இறுதியில் அதன் ஆங்கில முதலெழுத்துக்களான "பி. பி." என்பதே நிலைத்துவிட்டது.

அவருடைய கிட்டார் வாசிப்பின் தனித்தன்மை, தந்தியை இடக்கை விரலால் வளைத்தும் அதிர வைத்தும் சுரத்தை அசைப்பதாகும். கருநாடக இசையில் கமகம் எந்த இடத்தை வகிக்கிறதோ அதற்கு ஏறக்குறைய ஒப்பான இடத்தை அவர் இசையில் இந்த அசைவு பெற்றுள்ளது. பாடும்போது அவர் கிட்டாரை வாசிப்பதில்லை. ஓர் அடியைப் பாடி நிறுத்துவார். அதற்குக் கிட்டார் மறுமொழி கூறும். இதனால் அவருடைய குரலையும் கிட்டாரையும் பிரித்து மதிப்பிடுவது கடினம். விருதுக் குழுக்களோ பல முறை அவ்வாறு பிரிக்க வேண்டிய நிலையில் இருந்தன.

விருதுகள் கிடைக்காத இருபது ஆண்டுகள்

1951இல் கிங் பதிவு செய்த "திரீ ஓ'கிளாக் புளூஸ்" என்ற பாடல் 1952இல் பில்போர்ட் இதழின் ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் முதலிடத்தைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மேலும் மூன்று பாடல்கள் அதே இடத்தை எட்டின. 1956ஆம் ஆண்டில் மட்டும் அவர் 342 இடங்களில் நிகழ்ச்சி நடத்தியதாகக் கூறப்படுகிறது. எனினும் இவையனைத்தும் கறுப்பின மக்கள் கூடும் அரங்குகளிலும் விடுதிகளிலும் நடந்தவை. பொதுச் சந்தையின் தரவரிசையில் அவர் பெயர் அரிதாகவே தென்பட்டது. கிராமி விருதுகள் 1959இல் தொடங்கப்பட்ட பின்பும் அவருக்கு நெடுங்காலம் எதுவும் கிட்டவில்லை.

1960களின் தொடக்கத்தில் நிலைமை மேலும் மோசமடைந்தது. கறுப்பின இளைஞர்கள் சோல் இசையின்பால் ஈர்க்கப்பட்டனர். புளூஸ் இசை அவர்களுக்குப் பண்ணை அடிமைத்தனத்தையும் வறுமையையும் நினைவூட்டிற்று. பால்ட்டிமோர் நகர அரங்கொன்றில் இளம் பார்வையாளர்கள் தம்மை ஏளனக் கூச்சலிட்டு வரவேற்றதைக் கிங் பிற்காலத்தில் வருத்தத்துடன் நினைவுகூர்ந்துள்ளார். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் அரங்கில் பதிவு செய்யப்பட்டு 1965இல் வெளியான "லைவ் அட் த ரீகல்" இசைத்தட்டு இக்காலத்தைச் சேர்ந்ததே. இன்று புளூஸ் இசையின் தலைசிறந்த மேடைப் பதிவுகளுள் ஒன்றாகப் போற்றப்படும் இது அப்போது எந்தப் பெரிய விருதையும் பெறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005ஆம் ஆண்டுக்கான பட்டியலில், அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதனைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாத்தது.

திருப்பம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. எரிக் கிளாப்டன், மைக் புளூம்பீல்டு முதலிய வெள்ளையின இளம் கிட்டார் கலைஞர்கள் தங்கள் முன்னோடியாகக் கிங்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடத் தொடங்கினர். 1967இல் சான் பிரான்சிஸ்கோவின் பில்மோர் அரங்கில் அவர் மேடையேறியபோது, பெரும்பாலும் வெள்ளையின இளைஞர்களாலான கூட்டம் அவர் ஒரு சுரம் வாசிக்கும் முன்னரே எழுந்து நின்று கைதட்டியது. மேடையிலேயே தாம் அழுதுவிட்டதாகக் கிங் பின்னர் கூறியுள்ளார். 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தொடக்க நிகழ்ச்சிகளை வழங்கும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது.

கிராமி விருதுகள்

முதல் விருது

கிங்கிற்கு முதல் கிராமி விருதைப் பெற்றுத் தந்தது "த திரில் இஸ் கான்" என்னும் பாடல். ராய் ஹாக்கின்சு என்பவர் 1951இல் பதிவு செய்த இப்பாடலைக் கிங் 1969இல் புதிதாகப் பாடினார். தயாரிப்பாளர் பில் சிம்சிக், புளூஸ் இசைக்கு அதுவரை அவ்வளவாகப் பழக்கமில்லாத வயலின் வகைக் கருவிகளைப் பின்னணியில் சேர்த்தார். 1970இல் இது பில்போர்ட் பொதுத் தரவரிசையில் 15ஆம் இடத்தை அடைந்தது. கிங்கின் பாடல்களில் அத்தரவரிசையில் மிக உயர்ந்த இடம் பெற்றது இதுவே.

1971இல் நடைபெற்ற 13ஆவது கிராமி விழாவில் இப்பாடலுக்கு வழங்கப்பட்ட விருதின் பெயர் கவனிக்கத்தக்கது: "சிறந்த ஆண் குரல் – ரிதம் அண்ட் புளூஸ்". உலகம் கிட்டார் கலைஞராக அறிந்த ஒருவர், குரலுக்காகவே தம் முதல் கிராமியைப் பெற்றார். புளூஸ் இசைக்கெனத் தனிப் பிரிவு அப்போது கிடையாது. அதே விழாவில் "சிறந்த இனக்குழு அல்லது மரபுசார் பதிவு" என்றொரு பிரிவு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதனை வென்றவர் டி-போன் வாக்கர். மின்கிட்டாரில் புளூஸ் வாசிப்பதற்கு வழிகாட்டியவர் என்று கிங் வாழ்நாள் முழுவதும் போற்றியவர் இவர். ஒரே மரபின் ஆசானும் மாணவனும் ஒரே விழாவில் இரு வேறு பிரிவுகளில் விருது பெற்றது, புளூஸ் இசையை எங்கே வைப்பதென்று விருதுக் குழுவினருக்குத் தெளிவிருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது எனலாம்.

"த திரில் இஸ் கான்" பதிவு 1998இல் கிராமி புகழ் மண்டபத்திலும் சேர்க்கப்பட்டது.

மரபு புளூஸ் பிரிவு

இரண்டாவது கிராமிக்குக் கிங் பதினோராண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. "தேர் மஸ்ட் பி எ பெட்டர் வேர்ல்டு சம்வேர்" என்ற இசைத்தட்டுக்காக 1982இல் அதே "இனக்குழு அல்லது மரபுசார் பதிவு" பிரிவில் விருது பெற்றார். இதன் பாடல்கள் டாக் போமஸ், டாக்டர் ஜான் ஆகியோரால் எழுதப்பட்டவை. நகரங்களில் மின்கருவிகளுடன் புத்தம்புதிதாக உருவாக்கப்பட்ட ஓர் இசைத்தட்டு "இனக்குழு" என்ற தலைப்பின்கீழ் வைக்கப்பட்டது இன்று விந்தையாகத் தோன்றும்.

அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து, அதாவது 1983 முதல், "சிறந்த மரபு புளூஸ்" என்ற தனிப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டு விருதைக் கிளாரன்ஸ் "கேட்மவுத்" பிரவுன் பெற்றார். அதன்பின் இப்பிரிவு ஏறக்குறையக் கிங்கின் சொந்த வீடு போலாயிற்று. "புளூஸ் 'என்' ஜாஸ்" (1984), "மை கிட்டார் சிங்ஸ் த புளூஸ்" (1986), "லைவ் அட் சான் குவென்டின்" (1991), "லைவ் அட் த அப்பல்லோ" (1992), "புளூஸ் சம்மிட்" (1994), "புளூஸ் ஆன் த பயூ" (2000), "ரைடிங் வித் த கிங்" (2001), "எ கிறிஸ்துமஸ் செலிப்ரேஷன் ஆஃப் ஹோப்" (2003), "80" (2006), "ஒன் கைண்ட் ஃபேவர்" (2009) என, இப்பிரிவில் மட்டும் பத்து விருதுகளை அவர் வென்றார். அடைப்புக்குறிக்குள் உள்ளவை விழா நடந்த ஆண்டுகளாகும்.

இவற்றுள் சில தனித்துச் சுட்டத்தக்கவை. "லைவ் அட் சான் குவென்டின்" கலிபோர்னியாவிலுள்ள புகழ்பெற்ற சிறைச்சாலையில் பதிவு செய்யப்பட்டது. 1970இல் சிகாகோவின் குக் கவுண்டி சிறையில் நிகழ்ச்சி நடத்தியது முதல் கிங் சிறைவாசிகளுக்காகத் தொடர்ந்து பாடிவந்தார். கைதிகளின் மறுவாழ்வுக்கான அமைப்பொன்றை நிறுவுவதிலும் பங்கேற்றார். "புளூஸ் சம்மிட்" இசைத்தட்டில் ஜான் லீ ஹூக்கர், எட்டா ஜேம்ஸ், கோகோ டெய்லர், பட்டி கை முதலியோர் அவருடன் இணைந்து பாடியுள்ளனர். "புளூஸ் ஆன் த பயூ" கிங் தாமே தயாரித்தது. விருந்தினர் எவருமின்றித் தம் குழுவினருடன் மட்டும் லூசியானாவில் பதிவு செய்தார்.

"ரைடிங் வித் த கிங்" எரிக் கிளாப்டனுடன் இணைந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் இருபது இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்ற இதுவே கிங்கின் இசைத்தட்டுகளில் விற்பனையில் முன்னிற்பது. இதன் அட்டையில் கிளாப்டன் கார் ஓட்ட, கிங் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் படம் இடம்பெற்றுள்ளது. மிசிசிப்பியில் டிராக்டர் ஓட்டியவருக்கு இங்கிலாந்தின் புகழ்பெற்ற கலைஞர் ஓட்டுநராக அமர்ந்த அப்படம், சொற்களின்றியே ஒரு மரியாதையைத் தெரிவிக்கிறது.

பிற பிரிவுகள்

கிட்டார் வாசிப்புக்கென்றே கிங்கிற்குக் கிடைத்த கிராமி விருதுகள் இரண்டு மட்டுமே. முதலாவது 1997இல் "எஸ்.ஆர்.வி. ஷஃபிள்" என்ற பதிவுக்காக, ராக் கருவியிசைப் பிரிவில் வழங்கப்பட்டது. 1990இல் உலங்கூர்தி விபத்தில் மறைந்த கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வானின் நினைவாக நடந்த நிகழ்ச்சியில் பதிவான இதற்கான விருதை ஜிம்மி வான், எரிக் கிளாப்டன், பானி ரைட், ராபர்ட் கிரே, பட்டி கை, டாக்டர் ஜான், ஆர்ட் நெவில் ஆகியோருடன் கிங் பகிர்ந்துகொண்டார். இரண்டாவது 2003இல், பாப் கருவியிசைப் பிரிவில், "ஆல்ட் லாங் சைன்" என்ற மெட்டுக்காக அவருக்குத் தனியே வழங்கப்பட்டது. புளூஸ் கிட்டாரின் மாபெரும் கலைஞர் தனி வாசிப்புக்காகப் பெற்ற ஒரே கிராமி, புத்தாண்டு இரவில் பாடப்படும் பழைய இசுக்காட்லாந்துப் பாடலுக்கானது என்பது விருதுகளின் வரலாற்றில் காணப்படும் வேடிக்கைகளுள் ஒன்று.

2001இல் டாக்டர் ஜானுடன் பாடிய "இஸ் யூ இஸ் ஆர் இஸ் யூ எயின்ட்" பாடலுக்காகப் பாப் கூட்டுப் பாடல் பிரிவில் மற்றொரு விருது கிடைத்தது. இவ்வாறு மரபு புளூஸ் பிரிவில் பத்தும் பிற பிரிவுகளில் ஐந்துமாக மொத்தம் 15 விருதுகள். 1987இல் வழங்கப்பட்ட வாழ்நாள் சாதனையாளர் விருது இக்கணக்கில் சேராது. அவ்விருது பெற்ற பின்பே பதினைந்தில் பதினொன்று அவரை வந்தடைந்தன என்பது குறிப்பிடத்தக்கது.

கிராமிக்கு வெளியே, யூ2 குழுவினருடன் பாடிய "வென் லவ் கம்ஸ் டு டவுன்" பாடலின் ஒளிப்படத்திற்கு 1989இல் எம்டிவி விருது கிடைத்தது. அறுபத்து மூன்று வயதில் அவரை ஒரு புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது இப்பாடல்.

புகழ் மண்டபங்கள்

மெம்பிசு நகரிலுள்ள புளூஸ் அறக்கட்டளை 1980இல் புளூஸ் புகழ் மண்டபத்தைத் தொடங்கியபோது முதல் தொகுதியில் 20 கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. பெசி ஸ்மித், சார்லி பேட்டன், ராபர்ட் ஜான்சன் எனப் பெரும்பாலோர் அப்போது உயிருடன் இல்லை. வாழ்ந்துகொண்டிருந்த மிகச் சிலருள் கிங்கும் ஒருவர். இதே அறக்கட்டளை ஆண்டுதோறும் சிறந்த மேடைக் கலைஞருக்கு வழங்கும் விருது பிற்காலத்தில் "பி. பி. கிங் விருது" என அவர் பெயராலேயே வழங்கப்படலாயிற்று.

1987இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் கிங் சேர்க்கப்பட்டார். அவரை அறிமுகம் செய்து பேசியவர் பாடகர் ஸ்டிங். அதே ஆண்டில் மடி வாட்டர்ஸ், டி-போன் வாக்கர் ஆகியோரும் சேர்க்கப்பட்டனர். அவ்விருவரும் அதற்கு முன்பே மறைந்துவிட்டிருந்தனர். 1990இல் ஆலிவுட் புகழ் நடைபாதையில் அவர் பெயரில் விண்மீன் பதிக்கப்பட்டது. மெம்பிசு இசைப் புகழ் மண்டபம் 2012இல் தொடங்கப்பட்டபோதும் முதல் தொகுதியில் அவர் இடம்பெற்றார்.

மதிப்புறு பட்டங்கள்

பள்ளிப் படிப்பை முடிக்காதது கிங்கிற்கு நெடுங்காலம் ஒரு குறையாகவே இருந்தது. அவருக்கு முதலில் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது மிசிசிப்பியிலுள்ள டூகலூ கல்லூரி (1973). கறுப்பின மாணவர்களின் கல்விக்காக உருவான இக்கல்லூரி, 1960களின் குடியுரிமைப் போராட்டத்தில் முக்கியப் பங்கு வகித்தது. 1977இல் யேல் பல்கலைக்கழகம் இசைத்துறையில் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. பின்னர் பெர்க்லீ இசைக் கல்லூரி, மெம்பிசு நகரின் ரோட்ஸ் கல்லூரி (1990), மிசிசிப்பி வேலி மாநிலப் பல்கலைக்கழகம் (2002), பிரவுன் பல்கலைக்கழகம் (2007) ஆகியவையும் பட்டங்கள் வழங்கின. இவற்றுள் மிசிசிப்பி வேலி பல்கலைக்கழகம் அமைந்திருப்பது அவர் பிறந்த பகுதிக்கு அருகிலுள்ள இட்டா பீனாவில். அவர் பிறந்த ஆண்டில் அப்பல்கலைக்கழகம் தோன்றியிருக்கவில்லை.

அமெரிக்க அரசின் சிறப்புகள்

1990இல் அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் கிங்கிற்குத் தேசியக் கலைப் பதக்கத்தை வழங்கினார். அடுத்த ஆண்டு தேசியக் கலை அறக்கொடை நிறுவனத்தின் பாரம்பரியக் கலைஞர் நல்கை கிடைத்தது. நாட்டுப்புற, மரபுக் கலைகளுக்கு அந்நாட்டில் அளிக்கப்படும் மிக உயர்ந்த சிறப்பு இதுவாகும். 1995இல் அதிபர் பில் கிளின்டன் காலத்தில் கென்னடி மையச் சிறப்பு வழங்கப்பட்டது. நடிகர் சிட்னி பாட்டியே, நாடகாசிரியர் நீல் சைமன் ஆகியோரும் அவ்வாண்டு சிறப்பிக்கப்பட்டனர்.

2006 டிசம்பர் 15 அன்று அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகையில் கிங்கிற்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தார். அந்நாட்டுக் குடிமக்களுக்கு வழங்கப்படும் உயரிய விருது இது. நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் ஜோசுவா லெடர்பர்க், வரலாற்றாசிரியர் டேவிட் மெக்கல்லா ஆகியோரும் அதே நாளில் இதனைப் பெற்றனர்.

2012 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில் நடந்த புளூஸ் இசை நிகழ்ச்சியில் 86 வயதான கிங் சக்கர நாற்காலியில் வந்து வாசித்தார். அதிபர் பராக் ஒபாமா ஒரு பாடலின் சில அடிகளைப் பாடியது அன்றைய செய்திகளில் பெரிதும் பேசப்பட்டது.

மிசிசிப்பியின் சிறப்பு

கிங் பெற்ற சிறப்புகளுள் மிகவும் பொருள் பொதிந்தது, தொகையாலோ புகழாலோ பெரியதன்று. 2005 பிப்ரவரி 15 அன்று மிசிசிப்பி மாநிலச் சட்டமன்றம் அந்நாளைப் "பி. பி. கிங் நாள்" என அறிவித்து, ஜாக்சன் நகரிலுள்ள தன் அவைக்கு அவரை வரவழைத்துப் பாராட்டியது.

இதன் பொருளை உணர அவருடைய இளமைக்காலத்தை அறிதல் வேண்டும். 1996இல் வெளியான தன்வரலாற்று நூலில், லெக்சிங்டன் என்ற ஊரில் வெள்ளையினக் கும்பலால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஒருவரின் உடல் நீதிமன்றத்தருகே பலர் காண வைக்கப்பட்டதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்ததாகக் கிங் எழுதியுள்ளார். கறுப்பினத்தவர் வாக்களிப்பது அம்மாநிலத்தில் ஏறக்குறைய இயலாததாக இருந்த காலம் அது. தனித்தனிப் பள்ளிகள், தனித்தனிக் குடிநீர்க் குழாய்கள், தனித்தனி நுழைவாயில்கள் ஆகியவற்றைச் சட்டமாக்கியதும் அதே சட்டமன்றமே. அம்மன்றத்தின் முன் 79 வயதில் நின்ற கிங் கண்கலங்கினார்.

எனினும் கிங் மிசிசிப்பியுடன் உறவை ஒருபோதும் முறித்துக்கொள்ளவில்லை. 1963இல் சுட்டுக்கொல்லப்பட்ட குடியுரிமைப் போராளி மெட்கர் எவர்சின் நினைவாக அவர் சகோதரர் சார்லசு எவர்சு நடத்திய ஆண்டு விழாக்களில் கிங் தொடர்ந்து பங்கேற்றார். இண்டியனோலாவிற்கு ஆண்டுதோறும் வந்து ஊர் மக்களுக்காகத் திறந்தவெளியில் வாசிப்பதையும் அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

2008 செப்டம்பரில் இண்டியனோலாவில் பி. பி. கிங் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பழைய செங்கல் கட்டடமான பருத்தி அரவை ஆலை ஒன்றை உள்ளடக்கி இது அமைக்கப்பட்டுள்ளது. இளமையில் கிங் வேலை செய்த ஆலை அது.

போலார் இசைப் பரிசு

சுவீடனின் ஆபா இசைக்குழுவின் மேலாளராக விளங்கிய ஸ்டிக் ஆண்டர்சன் நிறுவிய போலார் இசைப் பரிசு 2004இல் கிங்கிற்கு வழங்கப்பட்டது. மன்னர் பதினாறாம் கார்ல் குசுதாவ் அதனை அளித்தார். பெரும்பாலும் இருவருக்கு வழங்கப்பட்டுவந்த இப்பரிசை அவ்வாண்டு கிங்குடன் பெற்றவர் இசையமைப்பாளர் ஜியார்ஜி லிகெட்டி. ஐரோப்பியச் செவ்வியல் மரபின் கடினமான நவீன இசைக்குப் பெயர்பெற்ற ஒருவரோடு புளூஸ் கலைஞர் ஒருவர் சரிநிகராக மேடையேறியது, அமெரிக்கக் கிராமி விழாக்களில் பிரிவுகளுக்குள் அடைபட்டிருந்தவருக்குக் கிடைத்த வேறுவகையான ஏற்பு ஆகும்.

லூசில் கிட்டாருக்குக் கிடைத்த சிறப்பு

கிங் தம் கிட்டார்கள் அனைத்தையும் "லூசில்" என்ற ஒரே பெயரால் அழைத்தார். 1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆர்க்கன்சா மாநிலத்தின் டுவிஸ்ட் என்ற ஊரில் அவர் வாசித்துக்கொண்டிருந்த விடுதியில் இருவர் சண்டையிட்டு, மண்ணெண்ணெய் எரிந்துகொண்டிருந்த கலனைக் கவிழ்த்துவிட்டனர். தீப்பற்றிய கட்டடத்திலிருந்து வெளியேறிய கிங், கிட்டாரை மறந்துவிட்டதை உணர்ந்து மீண்டும் உள்ளே ஓடி அதை எடுத்து வந்தார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்பது மறுநாள் தெரிந்தது. இத்தகைய மடமையை இனி ஒருபோதும் செய்யலாகாது என்று தமக்கே நினைவூட்டிக்கொள்ளவே அப்பெயரைச் சூட்டினார்.

கிப்சன் நிறுவனம் 1980இல் லூசில் பெயரிலேயே ஒரு கிட்டார் வகையை வெளியிட்டது. ஒலி இரைச்சலைத் தடுப்பதற்காகக் கிங் தம் கிட்டாரின் முகத்திலுள்ள துளைகளில் துணியை அடைப்பதுண்டு. இவ்வகையில் அத்துளைகளே நீக்கப்பட்டன. கலைஞரின் கைப்பழக்கம் கருவியின் அமைப்பையே மாற்றியதற்கு இது எடுத்துக்காட்டு. 1997இல் வத்திக்கானில் நடந்த கிறிஸ்துமஸ் இசை நிகழ்ச்சியின்போது கிங் ஒரு லூசிலைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலுக்குப் பரிசளித்தார்.

அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்காக 2005இல் கிப்சன் 80 சிறப்புக் கிட்டார்களைச் செய்து, முதலாவதை அவருக்கு அளித்தது. 2009இல் அது திருடுபோய், லாஸ் வேகஸ் நகர அடகுக்கடை ஒன்றில் ஒருவரால் வாங்கப்பட்டது. அது யாருடையது எனக் கண்டறிந்த அவர் கிங்கிடமே திருப்பிக் கொடுத்தார். நன்றியாகக் கிங் அவருக்கு வேறொரு லூசிலை வழங்கினார். திரும்பக் கிடைத்த கிட்டார், கிங்கின் மறைவுக்குப் பின் 2019இல் ஏலத்தில் 2,80,000 டாலருக்கு விற்கப்பட்டது.

தரவரிசைகள்

ரோலிங் ஸ்டோன் இதழ் வெளியிட்ட தலைசிறந்த கிட்டார் கலைஞர்கள் பட்டியலில் கிங் 2003இல் மூன்றாவது இடத்திலும் 2011இல் ஆறாவது இடத்திலும் 2023இல் எட்டாவது இடத்திலும் வைக்கப்பட்டார். இத்தகைய பட்டியல்கள் இசையின் தரத்தைக் காட்டிலும் தொகுப்போரின் காலச் சுவையையே பெரிதும் காட்டுவன. விரைவாக வாசிப்பதை ஒருபோதும் நாடாமல், குறைந்த சுரங்களில் நிறைவைத் தேடிய ஒருவர் எல்லாப் பட்டியல்களிலும் முதல் பத்தில் நின்றது மட்டும் குறிக்கத்தக்கது.

மறைவுக்குப் பின்

கிங் 2015 மே 14 அன்று லாஸ் வேகஸ் நகரில் தம் 89ஆம் அகவையில் காலமானார். அவர் உடல் மெம்பிசு நகருக்குக் கொண்டுவரப்பட்டு, தம் பட்டப்பெயரைப் பெற்ற பீல் தெரு வழியாக ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. அந்நகரின் மூன்றாம் தெருவின் ஒரு பகுதிக்கு அதே ஆண்டில் அவர் பெயர் சூட்டப்பட்டது. 2016 கிராமி விழாவில் பானி ரைட், கிறிஸ் ஸ்டேப்பில்டன், கேரி கிளார்க் ஆகியோர் "த திரில் இஸ் கான்" பாடலை வாசித்து அவருக்கு அஞ்சலி செலுத்தினர்.

மே 30 அன்று இண்டியனோலாவில், பருத்தி அரவை ஆலையை உள்ளடக்கிய அருங்காட்சியகத்தின் வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.